எப்போது எழுதி வைத்தீர்கள்?

சர் எட்மண்ட் ஹார்ன்பி ஷாங்காயில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். மறுநாள் வழங்கப்போகும் தீர்ப்பை முந்தின மாலையே எழுதி, உள்ளூர்ச் செய்தித்தாள்காரர்கள் வந்து வாங்கிப்போக வசதி செய்வது அவர் வழக்கம். 1875 ஜனவரி 19 இரவும் அப்படித்தான் எழுதி உறையிலிட்டு வேலையாளிடம் கொடுத்துவிட்டுப் படுத்தார். ஒரு மணிக்கு மேல் படுக்கையறைக் கதவு தட்டப்பட்டது. வந்து நின்றவர் ஒரு செய்தித்தாளின் ஆசிரியர். முகம் பிணம்போல் வெளுத்திருந்தது. தீர்ப்பைச் சொல்லுங்கள், இப்போதே வேண்டும் என்று விடாமல் கேட்டார். நீதிபதி எரிச்சலோடு சுருக்கத்தைச் சொன்னார். அவர் குறித்துக்கொண்டு போனார். தூக்கம் கலைந்த மனைவியிடம் நீதிபதி நடந்ததைச் சொன்னார். விடிந்து நீதிமன்றத்துக்குப் போனால், அந்த ஆசிரியர் இரவு ஒரு மணி அளவில் தம் வீட்டிலேயே இறந்துவிட்டார் என்று செய்தி. பக்கத்தில் கிடந்த குறிப்பேட்டில் அந்தத் தீர்ப்பின் தலைப்பு எழுதியிருந்தது. பிரேத விசாரணையில் இதய நோய் என்றார்கள்.

இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா? வாழ்நாளெல்லாம் மற்றவர்களின் சாட்சியத்தை நிறுத்துப் பார்த்த நீதிபதி சொல்கிறார், அவர் மனைவியும் ஆமாம் என்கிறார். 1884 ஜூலையில் லண்டனின் 'நைன்டீன்த் செஞ்சுரி' இதழில் இந்தக் கதை வெளியானது. நவம்பர் இதழில் ஷாங்காயை நன்கறிந்த ஒருவரின் மறுப்புக் கடிதம் வந்தது. ஆசிரியர் இறந்தது இரவு ஒரு மணிக்கு அல்ல, நன்றாகத் தூங்கி எழுந்தபின் காலை எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில். பிரேத விசாரணை நடக்கவே இல்லை. அப்படி ஒரு தீர்ப்பு அந்த நாளில் வழங்கப்பட்டதாகப் பதிவு இல்லை. அன்றிரவு பக்கத்தில் படுத்திருந்ததாகச் சொல்லப்பட்ட மனைவியை, ஹார்ன்பி மணந்ததே அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான். முந்தைய மனைவி இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார்.

ஹார்ன்பி பொய் சொன்னார் என்று யாரும் கருதவில்லை, நானும் கருதவில்லை. தம் நினைவு சரியானது என்று முழுமனத்தோடு நம்பியதால்தான் சொன்னேன் என்றார் அவர். நம்பத்தான் செய்தார். அந்த அம்மையாரும் நம்பினார். ஒன்பது ஆண்டுகளில், ஏதோ ஒரு கனவோ ஏதோ ஓர் இரவின் கலக்கமோ, ஒரு மனிதரின் மரணச் செய்தியோடு சேர்ந்து, நாளும் நேரமும் சாட்சியும் ஆவணமும் கொண்ட முழுக்கதையாக வளர்ந்திருக்கிறது.

அமானுஷ்ய அனுபவங்களைச் சேகரிப்பவர்கள் வழக்கமாக முதலில் கேட்பது, சொல்பவர் யார், நம்பத் தகுந்தவரா என்பது. ஹார்ன்பி விவகாரத்துக்குப் பிறகு அந்தக் கேள்வியை முதலிடத்தில் வைக்க முடியாது. இது முதன்முதலாக எப்போது எழுதப்பட்டது, அப்போது கதையின் முடிவு எழுதியவருக்குத் தெரிந்திருந்ததா என்பதே முதலில் கேட்க வேண்டியது. இந்தத் துறையின் நூற்று நாற்பது ஆண்டு வரலாற்றை இந்த ஒரு கேள்வியை வைத்துப் படிக்கலாம் என்று நினைக்கிறேன்.

அந்த வரலாறு ஒழுங்காகத் தொடங்குவது 1882 பிப்ரவரியில், லண்டனில் அமானுஷ்ய ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டபோது. பிறந்த மதத்தின் மீது நம்பிக்கை தளர்ந்து, ஆனால் மனிதன் வெறும் உடல்தான் என்ற முடிவுக்கும் வர மனமில்லாத ஒரு தலைமுறையின் அமைப்பு அது. முதல் தலைவர் கேம்பிரிட்ஜின் அறவியல் அறிஞர் ஹென்றி சிட்விக். அவர் மனைவி எலினார், பின்னாளில் நியூன்ஹாம் பெண்கள் கல்லூரியின் முதல்வர், இயற்பியலாளர் ரேலி பிரபுவோடு மின் அளவீட்டு ஆய்வுகளில் பங்கெடுத்தவர். 'டெலிபதி' என்ற சொல்லை உருவாக்கிய ஃபிரடெரிக் மையர்ஸ், எட்மண்ட் கர்னி, ஃபிராங்க் போட்மோர் ஆகியோர் களப்பணியாளர்கள். செய்தித்தாள்களில் வேண்டுகோள் விடுத்தார்கள். வந்த கடிதங்களுக்கெல்லாம் குறுக்குக் கேள்வி எழுதினார்கள், முடிந்தவர்களை நேரில் போய்ப் பார்த்தார்கள், இறப்புப் பதிவேடுகளைத் தேடி எடுத்தார்கள். 1886-இல் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்த நூலில் 702 நிகழ்வுகள் இருந்தன. பெரும்பாலும் ஒரே வார்ப்பு: தொலைவில் ஒருவர் இறக்கிறார், அதே வேளையில் அவர் உருவம் அவருக்கு வேண்டிய ஒருவர் முன் தோன்றுகிறது.

நம் ஊரில் இதைக் கேட்காமல் வளர்ந்தவர் குறைவு. ராணுவத்தில் இருந்த மகன் வாசலில் வந்து நின்றான், மறுநாள் தந்தி வந்தது என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. அந்தக் கதைகளைச் சொல்லும் தாய்மார்களின் குரலைக் கேட்டவர்கள் அவற்றை லேசாகத் தள்ளிவிட மாட்டார்கள். தள்ளக் கூடாது என்பதும் என் கருத்து. ஆனால் மதிப்பது வேறு, எடைபோடாமல் விடுவது வேறு.

இந்தக் கழகத்தின் கதையில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. பிளாவட்ஸ்கி அம்மையாரின் பிரம்மஞான சபை 1882 முதல் அடையாற்றில் இயங்கிவந்தது. அங்கே 'மறையறை' என்று ஓர் அறை, அதன் சுவரில் பதித்தாற்போல் ஓர் அலமாரி. அதற்குள் கேள்வி எழுதி வைத்தால், இமயத்தில் இருப்பதாகச் சொல்லப்பட்ட மகாத்மாக்களிடமிருந்து பதில் வரும். உடைந்த தட்டு ஒன்றின் துண்டுகளை உள்ளே வைத்து மூடித் திறந்தால் தட்டு முழுசாக இருந்ததாக, உதகமண்டலத்தில் வாழ்ந்த ஒரு தளபதியே சாட்சி சொன்னார். 1884 செப்டம்பரில், சபையில் வேலை பார்த்து வெளியேற்றப்பட்ட எம்மா கூலோம் என்பவர் கொடுத்த கடிதங்களை மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரி இதழ் வெளியிட்டது. எல்லாம் ஏற்பாடு செய்த வித்தைகள் என்றன அந்தக் கடிதங்கள். விசாரிக்க லண்டன் கழகம் அனுப்பிய இளைஞர் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் அந்த டிசம்பரில் அடையாறு வந்து சேர்ந்தார்.

வந்தபோது அலமாரி இல்லை. சபையைச் சேர்ந்தவர்களே அதை அகற்றி எரித்துவிட்டிருந்தார்கள். ஆகவே ஹாட்ஜ்சனுக்குக் கிடைத்தவை சுவரும் மனிதர்களின் வாய்மொழியும்தான். அந்த அலமாரியின் பின்பலகை எப்படி இருந்தது, அது சுவரோடு ஒட்டியிருந்ததா, சுவருக்கு அப்பால் இருந்த படுக்கையறைப் பக்கத்தை யாராவது சோதித்தார்களா என்று ஒவ்வொருவராகக் கேட்டார். படித்தவர்கள், நேர்மையானவர்கள், எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்தோம் என்று உறுதியாக நம்பியவர்கள். அவர்கள் சொன்னவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை. 1885-இல் வெளியான அறிக்கை பிளாவட்ஸ்கியை வரலாற்றின் தேர்ந்த ஏமாற்றுக்காரர்களில் ஒருவர் என்று தீர்ப்பளித்தது. அந்த அறிக்கையும் கேள்விக்கு அப்பாற்பட்டதல்ல. நூறு ஆண்டு கழித்து, 1986-இல், அதே கழகத்தின் இதழிலேயே கையெழுத்து ஆய்வாளர் வெர்னான் ஹாரிசன் அதைக் கடுமையாக விமர்சித்தார். ஹாட்ஜ்சன் ஒருபக்கச் சார்போடு நடந்துகொண்டார் என்பது அவர் வாதம். பிளாவட்ஸ்கியைப் பற்றிய தீர்ப்பு எப்படியும் இருக்கட்டும். ஹாட்ஜ்சன் இந்தியாவிலிருந்து எடுத்துப்போன பெரிய பாடம், நேர்மையான மனிதர்கள் கண்ணால் கண்டதாகச் சொல்வதில் எவ்வளவு இல்லாதது கலந்திருக்கிறது என்பது. செப்பிடு வித்தைக்காரர் ஒருவரின் வேடிக்கையைத் தம்மோடு பார்த்த ஆங்கில அதிகாரி, பிறகு அதை இன்னொருவருக்குச் சொன்னபோது வித்தை வளர்ந்துவிட்டிருந்ததை அவர் கவனித்து எழுதினார்.

இங்கிலாந்து திரும்பியதும் அதைச் சோதித்துப் பார்க்க வழி கிடைத்தது. எஸ். ஜே. டேவி என்ற இளைஞர் கைவித்தை பழகியவர். அக்காலத்து ஆவி ஊடகர்கள் சிலேட்டுகளை மேசைக்கடியில் பிடித்து, ஆவிகள் அவற்றில் எழுதுவதாகக் காட்டிவந்தார்கள். டேவியும் அதையே செய்தார், வெறும் கைத்திறனால். வந்தவர்களிடம் அது வித்தை என்று சொல்லவில்லை. பார்த்ததை உடனே எழுதித் தாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அந்தக் குறிப்புகளை உண்மையில் நடந்தவற்றோடு ஒப்பிட்டு 1887-இல் இருவரும் வெளியிட்டார்கள். டேவி சிலேட்டை மாற்றிய கணம் பல குறிப்புகளில் இல்லவே இல்லை. நடக்காத சோதனைகள் நடந்ததாக எழுதப்பட்டிருந்தன. முன்னால் நடந்தது பின்னால் போயிருந்தது. சிலேட்டு ஒரு நொடிகூட என் கண்ணைவிட்டு அகலவில்லை என்று எழுதியவர்களின் கண்ணெதிரேதான் அது அகன்றிருந்தது. இயற்கைத் தேர்வுக் கொள்கையை டார்வினோடு சேர்ந்து முன்வைத்த ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் இதை ஏற்கவில்லை. நடந்தவை அனைத்தும் எப்படிச் செய்யப்பட்டன என்று முழுதாக விளக்காதவரை டேவியையும் ஓர் ஊடகராகவே கருதுவேன் என்று அவர் வாதிட்டார். அவ்வளவு பெரிய இயற்கையியலாளர், பூச்சியின் சிறகில் ஒரு புள்ளி மாறினால் கண்டுகொள்ளும் மனிதர்.

டேவியின் வீட்டுக்கு வந்தவர்கள் உடனடியாக எழுதியும் இந்த நிலை. ஆகவே உடனே எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் உடனே எழுதியதால்தான், நடந்தது எது, சேர்ந்தது எது என்று பிரித்துப் பார்க்கவாவது முடிந்தது. ஹார்ன்பியின் இரவில் எது நடந்தது என்று இனி எவராலும் சொல்ல முடியாது.

702 நிகழ்வுகளின் தொகுப்பு வெளிவந்த மறு ஆண்டே அந்த இடத்தில் கைவைத்தார் ஸ்காட்லாந்து வழக்கறிஞர் டெய்லர் இன்னஸ். உருவத்தைப் பார்த்தவர்களில் பலர் உடனே கடிதம் எழுதினேன், நாட்குறிப்பில் எழுதினேன் என்கிறார்கள். அந்தக் கடிதங்கள் எங்கே? மரணச் செய்தி வந்துசேருமுன் எழுதப்பட்டது என்பதைத் தபால் முத்திரையே காட்டிக்கொடுக்கும் ஒரு கடிதம், ஒன்றே ஒன்று, இத்தனை நூறு நிகழ்வுகளுக்கிடையே உண்டா? கர்னி பதில் எழுதினார். ஆனால் அவர் காட்டியது சொற்பம், கேள்வியின் கூர் மழுங்கவில்லை. தபால் முத்திரை என்பது எவ்வளவு எளிய கருவி! சொல்பவரின் குணத்தையோ குடும்பத்தையோ அது ஆராய்வதில்லை. நாளை மட்டும் சொல்கிறது. அமெரிக்காவில் தத்துவவாதி சார்லஸ் பர்ஸ் வேறு வழியில் தாக்கினார். நல்ல நிகழ்வுகள் என்று கர்னி பொறுக்கி எடுத்தவற்றைப் பல நிபந்தனைகளால் சலித்தார். இருவருக்கும் நடந்த நீண்ட விவாதத்தில் பர்ஸ் பல இடங்களில் அவசரப்பட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

கழகம் இந்தத் தாக்குதல்களை ஏற்றுக்கொண்டு செய்த காரியம்தான் எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகப் படுகிறது. சுவையான கதைகள் தாமாக வந்து சேர்ந்தால், சுவையற்ற கதைகள் எத்தனை என்று தெரியாது. எதுவும் நடக்காதவர்கள் எத்தனை பேர் என்றும் தெரியாது. ஆகவே 1889-இல் ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கினார்கள். கேள்வி ஒன்றுதான்: முழு விழிப்பில் இருப்பதாக நீங்கள் நம்பிய நேரத்தில், வெளிக்காரணம் எதுவும் தெரியாமல், ஓர் உருவத்தைக் கண்டதோ தொடப்பட்டதோ குரலைக் கேட்டதோ உண்டா? 410 பேர் தன்னார்வமாக இறங்கிக் கேட்டார்கள். ஒவ்வொரு படிவத்திலும் 25 பேருக்கு இடம். 'ஆம்' சொல்வார் என்று முன்பே தெரிந்தவரைத் தேடிப்போகக் கூடாது, தெரிந்திருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்பது விதி. 17,000 பேரிடம் பதில் வாங்கினார்கள். 2,272 பேர் ஆம் என்றார்கள். கனவு, காய்ச்சல் மயக்கம் போன்றவற்றைக் கழித்தபின் 1,684 பேர், ஏறக்குறையப் பத்துக்கு ஒருவர், மிஞ்சினார்கள். பெண்களில் 12 விழுக்காடு, ஆண்களில் 7.8.

பத்துக்கு ஒருவர் என்பதை நின்று யோசிக்க வேண்டும். மனநோய் இல்லாத, வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்துகிற பத்துப் பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது இல்லாத உருவத்தைப் பார்த்திருக்கிறார் அல்லது குரலைக் கேட்டிருக்கிறார். அதுவரை பிரமை என்றால் பைத்தியத்தின் அறிகுறி என்றே மருத்துவ உலகம் பெரும்பாலும் எண்ணியிருந்தது. 'எனக்கு இப்படி ஆச்சு, வெளிய சொன்னா சிரிப்பாங்க' என்று வாயை மூடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இந்த எண் எவ்வளவு பெரிய ஆறுதல்!

அடுத்து வந்த கணக்குதான் புகழ்பெற்றது. அன்றைய இங்கிலாந்தின் இறப்பு விகிதம் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 19 பேர் போல. அப்படியானால் ஒருவர் குறிப்பிட்ட ஒரு நாளில் இறக்கும் வாய்ப்பு 19,000-இல் ஒன்று. ஒருவரின் உருவம் தோன்றிய அதே நாளில் அவர் இறப்பது தற்செயல் என்றால், 19,000 தோற்றங்களில் ஒன்றுதான் அப்படி அமைய வேண்டும். கணக்கெடுப்பிலோ, ஐயத்துக்குரியவற்றைத் தள்ளியபின்பும், சுமார் 1,300 தோற்றங்களில் 30, அதாவது 43-க்கு ஒன்று, மரணத்தோடு பொருந்தின. மரணத்துக்கும் தோற்றத்துக்கும் தற்செயலுக்கு மேற்பட்ட தொடர்பு உண்டு, இது நிரூபணமானது என்று 1894 அறிக்கை அறிவித்தது.

அந்த 1,300 எப்படி வந்தது என்று பார்த்தால்தான் அறிக்கையின் உண்மையான செல்வம் தெரியும். மக்கள் சொன்ன தோற்றங்கள் அவ்வளவு இல்லை. ஆனால் எலினாரும் மற்றவர்களும் ஒன்றைக் கவனித்தார்கள்: அண்மை மாதங்களில் கண்டதாகச் சொல்லப்பட்டவை மிகுதி, ஆண்டுகள் பின்னோக்கிப் போகப்போக எண்ணிக்கை சரிகிறது. முன்னாளில் பேய்கள் குறைவாக நடமாடின என்று இதற்குப் பொருளில்லை, மனிதர்கள் மறந்துவிட்டார்கள். அந்த மறதியை ஈடுகட்ட, சொல்லப்பட்ட எண்ணிக்கையை நான்கால் பெருக்கினார்கள். அதாவது, வெறுமனே ஓர் உருவம் தோன்றி மறைந்து எதுவும் தொடர்ந்து நடக்காவிட்டால், நான்கில் மூன்று மனத்திலிருந்தே அழிந்துபோகிறது. மரணச் செய்தி வந்து ஒட்டிக்கொண்ட தோற்றமோ வாழ்நாள் முழுதும் நிற்கிறது, குடும்பக் கதையாகப் பேரப்பிள்ளைகளுக்கும் போகிறது. நம்மைச் சுற்றி உலவும் கதைகள் எல்லாம் இந்தச் சல்லடையைத் தாண்டி வந்தவை. கழகம் தன் முடிவுக்கு எதிரான வாதத்தைத் தானே கணக்கிட்டு அறிக்கையில் வைத்தது. அந்த நேர்மை இன்றும் அரிது.

இருந்தும் 30 என்ற எண் முழுதாக என்னை இணங்கவைக்கவில்லை. உருவம் தோன்றும்போது அது யார் என்று தெளிவாகத் தெரிந்ததா, அல்லது செய்தி வந்தபின் 'அவர்தான்' என்று தெளிந்ததா? ஜெர்மானிய உளவியலாளர் எட்மண்ட் பாரிஷ் சுட்டிக்காட்டியதுபோல், விழித்திருந்தேன் என்றவர்களில் எத்தனை பேர் அரைத்தூக்கத்தில் இருந்தார்கள்? நோயாளியாகக் கிடப்பவரைப் பற்றித்தான் வீட்டார் நினைத்துக்கொண்டிருப்பார்கள், அவர்தான் இறக்கவும் கூடும். நாட்டின் சராசரி இறப்பு விகிதம் அங்கே பொருந்துமா? இன்னஸ் கேட்ட கடிதங்கள் அந்த முப்பதிலும் நிறைந்திருக்கவில்லை.

நினைவு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கேம்பிரிட்ஜில் ஃபிரடெரிக் பார்ட்லெட் பிறகு ஆராய்ந்தார். வட அமெரிக்கத் தொல்குடியினரின் ஆவிகள் பற்றிய கதை ஒன்றை ஆங்கில மாணவர்களிடம் படிக்கக் கொடுத்து, நாளும் மாதமும் கழித்துத் திரும்ப எழுதச் சொன்னார். 1932-இல் வந்த அவர் நூலில் விவரம் இருக்கிறது. அந்தக் கதையின் தோணி வெறும் படகாகியது, கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாகியது, புரியாத ஆவிகள் மெல்ல மெல்லக் காணாமற்போயின. நினைவு எப்போதும் மிகைப்படுத்தும் என்ற பொதுக்கருத்துக்கு இது எதிரானது. அந்த ஆங்கில மாணவர்களின் நினைவு கதையைத் தங்களுக்குப் பழகிய உலகத்துக்கு ஏற்ப வளைத்துக்கொண்டது, அவ்வளவே. பேய்களுக்கு இடமில்லாத ஊரில் பேய் உதிர்ந்துவிடுகிறது. இடமிருக்கும் ஊரில், இல்லாத பேயும் வந்து அமர்ந்துகொள்ளும் என்று இதிலிருந்து ஊகிக்கிறேன்.

முடிவு தெரியுமுன் எழுதி வாங்குவது என்ற யோசனையை நேரடியாகச் செயல்படுத்திப் பார்த்தவர் மனநல மருத்துவர் ஜான் பார்க்கர். 1966 அக்டோபர் 21 காலை, வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் கிராமத்தில் நிலக்கரிச் சுரங்கக் கழிவு மலை சரிந்து பள்ளியின் மேல் விழுந்தது. 116 குழந்தைகள் உட்பட 144 பேர் மாண்டார்கள். இது நடக்கும் என்று முன்பே கண்டவர்கள் உண்டா என்று பார்க்கர் ஒரு லண்டன் செய்தித்தாள் வழியே கேட்டார். 76 கடிதங்கள் வந்தன. எல்லாம் நடந்து முடிந்தபின் எழுதியவை. அதன் குறையை உணர்ந்துதான், முன்னுணர்வு தோன்றியவர்கள் உடனே எழுதி அனுப்ப ஒரு பதிவகத்தை அந்தச் செய்தித்தாளிலேயே 1967 தொடக்கத்தில் திறந்தார்கள். நாளும் நேரமும் முத்திரையிட்டுக் காத்திருப்பார்கள். முதல் ஆண்டில் 469 முன்னறிவிப்புகள். நடந்தவற்றோடு பொருந்தியவை மிகச் சில, அவற்றிலும் பெரும்பங்கு இரண்டே பேருடையவை. அந்த இருவரையும் நிமித்தம் அறிந்தவர்கள் என்பதா, ஓயாமல் எழுதி அனுப்பியதால் சில பலித்தன என்பதா? பதிவகத்தின் குறிப்புகளால் அதைத் தீர்க்க முடியவில்லை, ஏனென்றால் எவ்வளவு பொருந்தினால் 'பலித்தது' என்று கொள்வது என முன்கூட்டி யாரும் வரையறுக்கவில்லை. நாள் குறித்தால் மட்டும் போதாது, எதை ஒப்புக்கொள்வோம் என்பதையும் முன்பே எழுதி வைக்க வேண்டும்.

இந்தக் கேள்வி நம்பாதவர்களுக்கும் சங்கடம் தரும் இடம் ஒன்று உண்டு, அதை மறைப்பது நியாயமாகாது. வர்ஜீனியா பல்கலைக்கழக மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன் 1961 முதல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மீண்டும் மீண்டும் வந்து, முற்பிறவி நினைவிருப்பதாகச் சொல்லும் குழந்தைகளைப் பற்றிய விவரம் திரட்டினார். உலகெங்கும் அவர் குழு சேர்த்தவை 2,500-ஐத் தாண்டும். பெரும்பாலானவற்றில் இரு குடும்பங்களும் ஏற்கெனவே சந்தித்துப் பேசிவிட்ட பிறகே ஆய்வாளர் போய்ச் சேர்ந்தார். அந்தச் சந்திப்பிலேயே குழந்தை சொன்னதும் சொல்லாததும் கலந்துவிடும் என்பது தகுந்த ஐயம். அப்படியானால், சந்திப்புக்கு முன்பே குழந்தையின் சொற்கள் எழுதிவைக்கப்பட்ட நிகழ்வுகளில் பொருத்தம் வெகுவாகக் குறைய வேண்டும். நெதர்லாந்து ஆய்வாளர் ஷௌட்டனும் ஸ்டீவன்சனும் 1998-இல் இதைச் சோதித்தார்கள். இந்தியா, இலங்கை நிகழ்வுகளில் முன்பே எழுதியவை 21, பின்னால் எழுதியவை 82. சரியாக இருந்த கூற்றுகளின் விகிதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே, நான்கில் மூன்றுக்குச் சற்று மேல்.

இதனால் மறுபிறவி நிரூபணமாகிவிடவில்லை. இறந்த குடும்பத்தைக் கண்டுபிடிக்க முடியாத குழந்தைகள் இந்தக் கணக்கில் இல்லை. குடும்பங்கள் ஒன்றையொன்று முன்பே அறிந்திருக்க வழியிருந்ததா, மொழிபெயர்ப்பாளர் வழியே கேட்ட கேள்விகள் பதிலைத் தூண்டினவா என்பவை திறந்தே இருக்கின்றன. ஆனால் எல்லாம் பின்னால் சேர்த்துக் கட்டியவை என்று ஒரே வரியில் ஒதுக்குபவர், தாம் சொல்லும் காரணம் சோதிக்கப்பட்டு எதிர்பார்த்த விளைவைத் தரவில்லை என்பதையும் ஏற்க வேண்டும். பெங்களூர் மனநல நிறுவனத்தின் சத்வந்த் பஸ்ரிச்சா, தென்னிந்தியாவில் இத்தகைய குழந்தைகள் பற்றிய தகவல் வடக்கைவிட மிகக் குறைவாக இருப்பது ஏன் என்று 2001-இல் ஒரு கட்டுரையே எழுதினார். மறுபிறவி நம்பிக்கை இங்கே குறைவில்லை. குழந்தை எதையோ உளறும்போது அதைக் குறித்துக்கொள்ளும் பழக்கம், ஊர்விட்டு ஊர் போய் விசாரிக்கும் ஆர்வம், இவையும் நிகழ்வுகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கின்றன என்பது என் ஊகம்.

இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் 1963-இல், மோசடிக்கு இடமில்லாத நிபந்தனைகளோடு அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்ச ரூபாய் என்று அறிவித்த அறைகூவல் தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்ததே. விபூதி வரவழைப்பவரை எதிர்கொள்ள அது சரியான வழி. நிபந்தனை முன்பே எழுதப்பட்டிருக்கிறது என்பது அதன் பலம். ஆனால் எந்தப் பெருமையும் கோராமல், பணமும் கேட்காமல், ஒரே ஒரு இரவு தனக்கு நேர்ந்ததைச் சொல்லும் சாதாரணப் பெண்ணிடம் போய்ச் செய்து காட்டு என்று கேட்க முடியாது. அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அந்தக் கேள்விகளைக் கேட்டுக் காட்டியவர் டேவிட் ஹஃபோர்ட்.

ஹஃபோர்ட் அமெரிக்க நாட்டார் வழக்காற்றியல் அறிஞர். 1970-களின் தொடக்கத்தில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் பணியாற்றினார். அந்தத் தீவில் 'கிழச் சூனியக்காரி' பற்றிய பேச்சு உண்டு: இரவில் மல்லாந்து படுத்திருக்கும்போது வருவாள், மார்பில் ஏறி அழுத்துவாள், கைகால் அசையாது, குரல் எழும்பாது, கண் மட்டும் திறந்திருக்கும். நாட்டார் வழக்காற்றியல் அறிஞர்களின் அன்றைய வழக்கமான விளக்கம், மரபில் இருக்கும் கதையை மக்கள் தங்கள் கனவில் ஏற்றிச் சொல்கிறார்கள் என்பது. ஹஃபோர்ட் அதை ஏற்க முடியாமல் இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. கல்லூரி மாணவராக இருந்தபோது, 1963-இல், அந்த மரபைப் பற்றி எதுவும் கேள்விப்படாமலே அவருக்கு அது நேர்ந்திருந்தது. பேயின் பெயரைச் சொல்லாமல், விவரத்தை மட்டும் கேட்கும் வினாத்தாளைத் தீவின் மாணவர்கள் 93 பேரிடம் கொடுத்தார். 23 விழுக்காட்டினர் தங்களுக்கு நேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். பிறகு அமெரிக்காவில், அந்த மரபே இல்லாத இடங்களில் கேட்டபோதும் அதே விவரங்கள் வந்தன. 1982-இல் நூலாக வெளியிட்டார்.

அந்தப் பேயை நமக்குத் தெரியும். அமுக்குவான் என்பார்கள், அமுக்குப் பேய் என்பார்கள், யாழ்ப்பாணத்திலும் அறிவார்கள். தலைமாட்டில் இரும்புத் துண்டு வைத்துப் படுக்கச் சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். ஜப்பானியர் இதைக் கனாஷிபாரி என்கிறார்கள். தூக்கத்தில் கனவு வரும் கட்டத்தில், கனவில் ஓடுவதற்கு நிஜக் கால்கள் ஓடிவிடாதபடி மூளை உடலின் தசைகளைத் தளர்த்திக் கட்டிவைக்கிறது. சில வேளை விழிப்பு முந்திக்கொள்கிறது, கட்டு அவிழவில்லை. கண் அறையைப் பார்க்கிறது, கனவும் ஓயவில்லை, ஆழ்ந்து மூச்சிழுக்க முயன்றால் மார்புத் தசை ஒத்துழைப்பதில்லை. அதுவே மார்பின் மேலிருக்கும் கனம். 2011-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொதுமக்களில் 7.6 விழுக்காட்டினரும் மாணவர்களில் 28 விழுக்காட்டினரும் வாழ்வில் ஒருமுறையாவது இதற்கு ஆளாகியிருந்தார்கள்.

இங்கே நடந்திருப்பதைக் கவனியுங்கள். தலைமுறை தலைமுறையாக மூடநம்பிக்கை என்று ஒதுக்கப்பட்ட சாட்சியம், விவரத்தில் சரியாக இருந்திருக்கிறது. பாட்டி சொன்ன விளக்கம் மாறலாம். பாட்டி சொன்ன அனுபவம் மாறவில்லை. அசைய முடியவில்லை, விழித்துத்தான் இருந்தேன், யாரோ அறைக்குள் இருந்தார்கள் என்று அவர் சொன்ன ஒவ்வொன்றும் அவருக்கு நேர்ந்ததுதான். ஹார்ன்பி வழக்கில் நேர்மையான சாட்சியின் விவரங்கள் இடிந்து விழுந்தன. இங்கே நிலைத்து நின்றன. வித்தியாசம் எங்கே என்றால், ஹார்ன்பியின் கதை ஒரு வெளி நிகழ்வோடு, ஒரு நாளோடு, ஒரு மணியோடு பொருந்துவதாகக் கோரியது. அமுக்குவான் கதை எனக்கு இப்படி இருந்தது என்பதை மட்டும் சொன்னது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பதுதான் இருதரப்பும் செய்யும் பிழை. அதன் விலையைக் கொடுப்பவர்கள் ஏழைகள், அதிலும் பெண்கள். ராத்திரி யாரோ மேலே ஏறி அமுக்குகிறார்கள் என்று சொன்ன பெண்ணைப் பேய் பிடித்தவள் என்று கோயில் வாசலில் கட்டிவைப்பதும், பொய் சொல்கிறாள் என்று அடிப்பதும், சொன்னதைக் கேட்டு எடைபோடத் தெரியாததால்தான். தூக்கம் குறைந்தால் இது மிகும், மல்லாந்து படுத்தால் வரும் வாய்ப்பு அதிகம் என்று சொல்லவாவது அருகில் ஒருவர் வேண்டாமா?

தமிழில் நாட்டார் வழக்காறுகளைச் சேகரிக்கும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஒலிப்பதிவுக் கருவியோடு கிராமங்களுக்குப் போகிறார்கள். பேய்க்கதை கிடைத்தால், அதைக் கதை வகையாகப் பிரித்து, எந்தச் சாதியில், எந்தப் பகுதியில் வழங்குகிறது என்று குறிக்கிறார்கள். அத்தோடு இன்னும் சிலவற்றைக் கேட்டு எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள். இது உங்களுக்கே நடந்ததா, கேள்விப்பட்டதா? எந்த ஆண்டு, எந்த மாதம்? முதலில் யாரிடம் சொன்னீர்கள், அவரிடம் தனியாகப் போய்க் கேட்கலாமா? அப்போது படுத்திருந்தீர்களா, எந்தப் பக்கமாக? இன்னார் இறந்த செய்தி உங்களுக்கு எப்போது வந்தது, அதற்கு முன்பே யாரிடமாவது சொன்னீர்களா? ஐந்து ஆண்டு கழித்து அதே ஆளிடம் அதே கதையை மீண்டும் பதிவு செய்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். கைபேசிக் குறுஞ்செய்திகளில் நாளும் நிமிடமும் தானாகப் பதிகிற இந்தக் காலத்தில், இன்னஸ் தேடிய தபால் முத்திரை கோடிக்கணக்கானவர்களின் கையில் இருக்கிறது.

கேட்கும் முறையிலும் ஹஃபோர்டிடம் கற்க ஒன்று உண்டு. அவரிடம் பேசியவர்கள் பலர், உடல் அசையாமற்போகும் முன் அறையை நோக்கி வரும் காலடி ஓசையைக் கேட்டதாகச் சொன்னார்கள். தீவின் மரபுக் கதையில் அழுத்தம் பெறாத விவரம் அது. அவர் கேட்டு வாங்கியதல்ல, அவர்களே சொன்னது. நம் அமுக்குவான் கதைகளைப் பதிவு செய்யப் போகிறவர், அந்த ஓசை இங்கும் வருகிறதா என்று காது கொடுத்துக் காத்திருக்க வேண்டும். காலடி என்ற சொல்லைத் தான் முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது.